அதே ப்ரோட்டோகால், அதே செல்... ரிசல்ட் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு!

இந்த முறை வந்திருக்கும் கடிதம் ஓர் ஆய்வு மாணவியுடையது. ஊர், பல்கலைக்கழகம், அவர் ஆராயும் மூலிகை என்று அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 28. குடும்பத்தில் முதல் பட்டதாரி. உயிர்வேதியியலில் பிஎச்.டி. மூன்றாம் ஆண்டு. ஒரு மூலிகையின் எத்தனால் எக்ஸ்ட்ராக்ட், மார்பகப் புற்றுநோய் செல்களில் ஏகேடி என்ற புரதத்தின் மேல் பாஸ்பேட் ஏறுவதைக் குறைக்கிறதா என்பதுதான் ஆய்வின் மையக் கேள்வி. புற்றுநோய் செல் சாகாமல் பிழைத்திருக்க உதவும் புரதம் அது; பாஸ்பேட் ஏறினால்தான் முழு வேகத்தில் வேலை செய்யும். அதே லேபில் முடித்துப் போன சீனியர், நன்றாகக் குறைகிறது என்று காட்டியிருக்கிறார். புரதங்களை ஜெல்லில் பிரித்து, மெம்பரேன் என்ற தாளுக்கு மாற்றி, தேடும் புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியால் அதைக் கோடாக, அதாவது பேண்டாக, காட்டும் சோதனை வெஸ்டர்ன் ப்ளாட். இவருக்கும் அதில் முதல் மூன்று முறை குறைந்து வந்தது. அடுத்த இரண்டு முறை மாற்றமே இல்லை. ஆறாவது முறை ஒரு பேண்டு கூட இல்லாமல் படம் வெறுமையாக வந்தது. அதற்குப் பிறகு ஆன்டிபாடியின் அளவை மாற்றியிருக்கிறார், ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்கப் போடும் பால் பவுடருக்குப் பதில் பிஎஸ்ஏ என்ற புரதம் போட்டிருக்கிறார், மெம்பரேனை மாற்றியிருக்கிறார், உறையவைத்த செல்லைப் புதிதாக எடுத்து வளர்த்திருக்கிறார். ஒரு நாள் வருகிறது, அடுத்த வாரம் காணோம்.

அவருடைய வார்த்தைகளில் சில: "எனக்குக் கைராசி இல்லை என்று லேபில் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். 'சீனியருக்கு வந்தது, உனக்கு ஏன் வரல? கவனமா செய்யறதில்ல' என்கிறார் கைடு சார். அடுத்த மாதம் ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்ப வேண்டும். 'நல்லா வந்த மூணு ப்ளாட்டை வெச்சு எழுதிடு, டிரிப்ளிகேட் ஆச்சு இல்ல' என்றார். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்கிறார்கள் மற்றவர்கள். ராத்திரி இரண்டு மணி வரை தூக்கம் வருவதில்லை. ஊருக்குப் போனால், இன்னுமா முடியல என்று அப்பா கேட்கிறார். இதை விட்டுவிட்டு ஏதாவது வேலைக்குப் போய்விடலாமா?"

அன்புள்ள ஆய்வாளருக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. சோதனை ஏன் இப்படி ஆட்டம் காட்டுகிறது? நன்றாக வந்ததை மட்டும் வைத்து எழுதலாமா? விட்டுவிடலாமா? நீங்கள் மூன்றாவதைத்தான் அவசரமாகக் கேட்கிறீர்கள். நான் முதலாவதிலிருந்து வருகிறேன். காரணமே தெரியாத ஒரு தோல்வியை எதிரில் வைத்துக்கொண்டு, தூக்கமும் கெட்ட நேரத்தில், வாழ்க்கை முடிவு எடுக்க வேண்டாம்.

இந்தக் கைராசிப் பேச்சை முதலில் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 2016-ல் நேச்சர் இதழ் 1,576 ஆய்வாளர்களிடம் கேட்டது. 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள், அடுத்தவர் செய்த சோதனையைத் தாங்கள் செய்துபார்த்தபோது வரவில்லை என்றார்கள். பாதிப் பேருக்கும் மேல், தாங்கள் செய்த சோதனையே திரும்ப வரவில்லை என்றார்கள். இதில் எத்தனையோ பெரிய லேப்களும் அடக்கம். ஆகவே உங்களுக்கு நடப்பது புதிதும் இல்லை, வெட்கப்பட வேண்டியதும் இல்லை.

ஒரு சம்பவத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் நிலைமைக்கு அவ்வளவு பொருந்துகிறது. அமெரிக்காவில் பெர்க்லியில் மீனா பிசெல், பாஸ்டனில் கோர்னேலியா போலியாக். இரண்டு பேரும் மார்பகத் திசு ஆராய்ச்சியில் பெரிய பெயர்கள். இரண்டு லேபும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்தன: மார்பகத் திசுவைத் தனித்தனி செல்களாகப் பிரித்து, வகைவகையாக எண்ணுவது. ஒரே ப்ரோட்டோகால் என்றுதான் இரு பக்கமும் நினைத்தார்கள். எண்ணிக்கை ஒத்துவரவே இல்லை. மெஷினைச் சந்தேகப்பட்டார்கள், ஆன்டிபாடியைச் சந்தேகப்பட்டார்கள், திசு வந்த இடத்தைச் சந்தேகப்பட்டார்கள். மாதக்கணக்கில் போனது. கடைசியில் இரு லேபிலிருந்தும் ஆட்கள் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று செய்து பார்த்தார்கள். அப்போதுதான் தெரிந்தது: திசுவை நொதியில் ஊறவைக்கும்போது ஒரு லேபில் வேகமாகக் கலக்குவார்கள், இன்னொரு லேபில் நேரமெடுத்து மெதுவாக ஆட்டுவார்கள். அதுதான் வித்தியாசம். கலக்குவதைப் பற்றி யாரும் யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. 2014-ல் இதை மறைக்காமல் ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார்கள்.

உங்கள் சீனியர் எழுதிவைத்துவிட்டுப் போன ப்ரோட்டோகாலிலும் இப்படிச் சொல்லாமல் விட்டது நிறைய இருக்கும். அவர் வேலைக்குப் போய்விட்டாலும் பரவாயில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்யுங்கள். "எப்படிச் செய்தீர்கள்" என்று பொதுவாகக் கேட்டால் ப்ரோட்டோகாலையே ஒப்பிப்பார். இப்படிக் கேளுங்கள்: எக்ஸ்ட்ராக்ட் போடும்போது செல் வளரும் திரவமான மீடியத்தை மாற்றினீர்களா, பழைய மீடியத்திலேயே சேர்த்தீர்களா? பிளேட்டை இன்குபேட்டரிலிருந்து வெளியே எடுத்து, செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபர் ஊற்ற எவ்வளவு நேரம் ஆகும்? பிளேட்டில் செல் வளரும் குழிகளில், எந்தக் கிணற்றில் தொடங்குவீர்கள், எதில் முடிப்பீர்கள்? அந்த ஆன்டிபாடி அப்போது எத்தனையாவது முறை?

கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. நம் ஊர் லேப்களில் பெரும்பாலும், நீர்த்த ஆன்டிபாடியைக் கொட்டாமல் ஃபிரிட்ஜில் வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம். சின்னக் குப்பிக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுக்கும்போது வேறு வழியில்லை, அதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எத்தனையாவது முறை என்று குழாயின் மேல் எழுதாவிட்டால், முதல் ப்ளாட்டும் ஆறாவது ப்ளாட்டும் ஒரே சோதனை என்று சொல்ல முடியாது.

கொஞ்ச நாளைக்கு எதையும் மாற்றாதீர்கள்

வெறுமையான படம் வந்த பிறகு நீங்கள் நான்கு விஷயங்களை ஏறக்குறைய ஒரே நேரத்தில் மாற்றியிருக்கிறீர்கள். பதற்றத்தில் யாரும் செய்வதுதான். ஆனால் அதற்குப் பிறகு வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது, வராவிட்டாலும் தெரியாது. நேரம் மிச்சமாகும் என்று நினைத்துத்தான் செய்தீர்கள், செலவானதுதான் மிச்சம்.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் வீடு முழுக்கப் பைப்பை உடைப்பதில்லை. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். இருந்தால் கோளாறு கீழே, இல்லாவிட்டால் மோட்டார் பக்கம். அப்படி உங்கள் சோதனையைப் பாதியாக வெட்டிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. எக்ஸ்ட்ராக்ட் எதுவும் போடாத சாதாரணச் செல்களைப் பெரிய அளவில் ஒரே நாளில் வளர்த்து, ஒரே முறையில் லைசேட் (செல்லை உடைத்து எடுக்கும் புரதச் சாறு) எடுங்கள். புரத அளவைப் பார்த்து, சாம்பிள் பஃபர் சேர்த்து, சின்னச் சின்னக் குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80-ல் வையுங்கள். வாரம் ஒரு குழாய் எடுத்து, மூன்று வாரம் ப்ளாட் செய்யுங்கள். மூன்று வாரமும் பேண்டு ஒரே மாதிரி வந்தால் உங்கள் ப்ளாட் கை நன்றாக இருக்கிறது. குழப்பம் செல்லிலோ எக்ஸ்ட்ராக்ட்டிலோ இருக்கிறது. அதே லைசேட்டே ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு மாதிரி வந்தால், செல் பக்கம் போகவே வேண்டாம், கோளாறு ஜெல்லுக்கும் கேமராவுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. உங்கள் கையில் இப்போது இருக்கும் ப்ளாட்டுகளில் எதை வைத்தும் இந்த இரண்டில் எது என்று சொல்ல முடியாது. மூன்று வாரத்தில் சொல்லிவிடலாம்.

அந்த வெறுமையான படத்தைப் பற்றி. டிரான்ஸ்ஃபர் முடிந்ததும் மெம்பரேனைப் பான்சோ சாயத்தில் போட்டுப் பார்த்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. ஐந்து நிமிட வேலை. சிவப்புக் கோடுகளாகப் புரதம் தெரியும், தண்ணீரில் கழுவினால் போய்விடும், சோதனைக்கு ஒரு கெடுதலும் இல்லை. அதை ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால், புரதம் மெம்பரேனுக்கு வந்ததா இல்லையா என்பது அன்றே தெரிந்திருக்கும். வரவில்லை என்றால்: பிவிடிஎஃப் மெம்பரேனை மெத்தனாலில் நனைக்கவில்லை, அல்லது ஜெல்லும் மெம்பரேனும் திசை மாறிவிட்டன, அல்லது நடுவில் கரண்ட் போய்விட்டது. வந்திருந்து பேண்டு மட்டும் இல்லை என்றால், பிரைமரி ஆன்டிபாடியின் மேல் ஒட்டிப் படத்தில் ஒளி தரும் செகண்டரி ஆன்டிபாடியைப் பாருங்கள். கெட்டுப்போகாமல் இருக்கச் சோடியம் அசைடு சேர்த்து வைக்கும் பழக்கம் பல லேப்களில் உண்டு. பிரைமரியில் இருந்தால் கழுவும்போது போய்விடும். ஒளியை உண்டாக்கும் எச்ஆர்பி நொதி ஒட்டிய செகண்டரியில் சேர்த்துவிட்டால் அந்த நொதியின் வேலையை அசைடு முடக்கிவிடும், படமே விழாது. புதிதாகச் சேர்ந்த யாரோ நல்லெண்ணத்தில் அதிலும் ஒரு சொட்டு விட்டிருக்கலாம்.

அடுத்தது, மாற்றமே இல்லாத அந்த இரண்டு ப்ளாட். படத்தை எவ்வளவு நேரம் எக்ஸ்போஸ் செய்தீர்கள்? பேண்டு அளவுக்கு மீறிக் கறுத்துவிட்டால் அதற்கு மேல் கறுக்க இடமில்லை. இரண்டு மடங்கு வித்தியாசம் இருந்தாலும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். எல்லா லேனிலும் (ஜெல்லில் ஒவ்வொரு சாம்பிளும் ஓடும் பாதை) ஒரே அளவு புரதம் ஏறியதா என்று பார்க்க உதவும் ஆக்டின் புரதம் சமமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 40 மைக்ரோகிராம் ஏற்றினால் ஆக்டின் பெரும்பாலும் இப்படி நிரம்பித்தான் இருக்கும், அந்தச் சமத்தை நம்ப முடியாது. ஒரே லைசேட்டை 5, 10, 20, 40 மைக்ரோகிராம் என்று நான்கு லேனில் ஏற்றுங்கள். அளவு இரட்டிக்கும்போது பேண்டும் இரட்டிக்கிறதா பாருங்கள். எந்த இடத்தில் இரட்டிப்பது நிற்கிறதோ அதற்குக் கீழேதான் நீங்கள் வேலை செய்ய வேண்டும்.

இன்னும் ஒன்று, இனி எந்த ஜெல்லிலும் இரண்டு லேனைக் கட்டாயம் ஒதுக்குங்கள். ஓர் இரவு சீரம் இல்லாமல் வைத்த செல்லுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் இன்சுலின் கொடுத்தது ஒன்று. இன்சுலினுக்கு முன்னால் வோர்ட்மன்னின் என்ற தடுப்பானைக் கொடுத்தது இன்னொன்று. முதலாவதில் பாஸ்பேட் ஏறிய ஏகேடி பளிச்சென்று தெரிய வேண்டும், இரண்டாவதில் காணாமல் போக வேண்டும். இந்த இரண்டும் சரியாக வந்த ஜெல்லில்தான் எக்ஸ்ட்ராக்ட் லேனைப் பற்றிப் பேசலாம். இவை வராத ஜெல்லில் எக்ஸ்ட்ராக்ட் லேன் எவ்வளவு அழகாகக் குறைந்திருந்தாலும் அதற்கு அர்த்தம் இல்லை.

செல்லையும் இலையையும் விடாதீர்கள்

செல் பக்கம் முதல் சந்தேகம் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா. மீடியத்தைக் கலங்கவைக்காது, சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது. இதற்குச் செல்சுவர் கிடையாது, அதனால் நீங்கள் மீடியத்தில் போடும் பெனிசிலின் ஒன்றும் செய்யாது. ஆனால் செல்லின் போக்கையே மாற்றிவிடும். பிசிஆரில் பார்த்துவிடலாம், உங்கள் லேபிலேயே முடியும். அப்புறம், அது நீங்கள் நினைக்கிற செல்தானா என்று பார்க்க எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ அடையாளப் பரிசோதனை. மார்பகப் புற்றுநோய் செல் என்று உலகம் முழுக்கப் பல வருடம் பயன்படுத்திய எம்டிஏ-எம்பி-435 என்ற செல் வரிசை, கடைசியில் மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் செல் என்று தெரியவந்தது. பக்கத்து லேபிலிருந்து குப்பியில் வாங்கி வந்த செல் என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் சொல்கிறேன்.

ஏகேடியின் பாஸ்பேட் நிமிடக்கணக்கில் ஏறி இறங்கும் சமாச்சாரம். புது மீடியம் ஊற்றினால் அதிலிருக்கும் சீரமே அதை ஏற்றிவிடும். சீரம் இல்லாத பிபிஎஸ் உப்புக் கரைசலில் கழுவி அப்படியே வைத்துக்கொண்டிருந்தால் இறங்கும். நீங்கள் 12 கிணறு உள்ள பிளேட்டில் வேலை செய்கிறீர்கள். எக்ஸ்ட்ராக்ட் போடாத கண்ட்ரோல் முதல் வரிசையில், எக்ஸ்ட்ராக்டின் அதிக அளவு கடைசி வரிசையில், இல்லையா? ஒவ்வொன்றாகக் கழுவி லைசிஸ் பஃபர் ஊற்றிக் கடைசிக்கு வருவதற்குள் கால் மணி நேரம் போயிருக்கும். வரிசை போகப் போகப் பாஸ்பேட் குறைவது எக்ஸ்ட்ராக்டாலா, காத்திருந்ததாலா? அடுத்த முறை கிணறுகளைக் குலுக்கிப்போட்டு வையுங்கள், பிளேட்டை ஐஸ் மேல் வைத்து எல்லாக் கிணற்றையும் முடிந்தவரை ஒரே வேகத்தில் முடியுங்கள். சோதனை எண்ணோடு கிணற்று வரிசையையும் நோட்டில் வரைந்துவையுங்கள்.

பாஸ்பேட் ஏறியதை மட்டும் பார்த்தால் போதாது, மொத்த ஏகேடியையும் பார்க்க வேண்டும். எக்ஸ்ட்ராக்ட் செல்லைக் கொல்லும் அளவில் இருந்தால் மொத்தப் புரதமே குறையும்.

இப்போது மூலிகை. உங்கள் கடிதத்தில் இதற்கு ஒரே ஒரு வரிதான்: "முதல் பேட்ச் தீர்ந்ததும் அதே முறையில் இரண்டாவது பேட்ச் எடுத்தேன்." என்னைக் கேட்டால் கடிதத்திலேயே முக்கியமான வரி இதுதான். எந்தெந்த ப்ளாட் எந்தப் பேட்ச்? நல்ல மூன்றும் முதல் பேட்ச், மாறாத இரண்டும் இரண்டாவது பேட்ச் என்றால் உங்கள் மர்மத்தில் பாதி அங்கேயே தீரலாம்.

செடி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்காது. நிலவேம்பை எடுத்துக்கொள்வோம். அதன் கசப்புக்கும் மருந்துக் குணத்துக்கும் முக்கியமான ஆண்ட்ரோகிராஃபோலைடு, பூக்கத் தொடங்கும் பருவத்தில் பறித்த செடியில் அதிகமாக இருக்கும். முற்றிக் காய்த்த செடியில் குறைந்துவிடும். வெயிலில் காயவைத்ததா நிழலிலா, வேரோடு அரைத்ததா இலை மட்டுமா, எத்தனை மாதம் டப்பாவில் கிடந்தது என்று எல்லாமே சேரும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கியிருந்தால் அது அந்தச் செடிதானா என்பதே கேள்வி. உங்கள் மூலிகையில் அடையாளமாக அளக்கக்கூடிய ஒரு வேதிப்பொருள் நிச்சயம் இருக்கும். இரண்டு பேட்சையும், வேதிப்பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் ஓட்டி ஒப்பிடுங்கள். முதல் பேட்ச் துளியாவது மிச்சம் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள், தங்கத்துக்குச் சமம். செடியைத் தாவரவியல் துறையில் கொடுத்து அடையாளம் உறுதிசெய்து ஹெர்பேரியம் (உலர்செடிக் காப்பகம்) எண் வாங்கியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள், நாளை தீசிஸ் தேர்வாளர் கேட்கப்போகும் முதல் கேள்வி அது.

பாலிஃபீனால் என்ற தாவர வேதிப்பொருள்கள் அதிகமுள்ள எக்ஸ்ட்ராக்டில் இன்னொரு வம்பு. அவை மீடியத்தில் கலந்ததும் தானாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். அந்தப் பெராக்சைடு ஏகேடி பாஸ்பேட்டையே ஏற்ற முடியும். ஆகவே எக்ஸ்ட்ராக்டைக் கரைத்து எத்தனை மணி நேரம் கழித்துப் போட்டீர்கள் என்பதைப் பொறுத்து ஏறவும் செய்யலாம், இறங்கவும் செய்யலாம். செல் இல்லாத மீடியத்தில் எக்ஸ்ட்ராக்டை மட்டும் கலந்து பெராக்சைடு அளந்து பாருங்கள்.

அந்த மூன்று நல்ல ப்ளாட்

மூன்று வந்துவிட்டது, டிரிப்ளிகேட் ஆச்சு என்று சொல்வது தவறு. எதையும் மாற்றாமல் நீங்கள் செய்தது ஆறு. ஆறில் மூன்று குறைந்தது, இரண்டு மாறவில்லை, ஒன்று தொழில்நுட்பக் கோளாறு. இதுதான் உங்கள் ரிசல்ட். காரணம் காட்டி விலக்கக்கூடியது ஒன்றே ஒன்று: அந்த வெறுமையான படம். இன்சுலின் லேன் போன்ற கண்ட்ரோல் வராத ஜெல்லை விலக்குவேன் என்று முன்கூட்டியே எழுதிவைத்து, அதன்படி விலக்கினால் அது முறை. எக்ஸ்ட்ராக்ட் லேன் எதிர்பார்த்தபடி வரவில்லை என்பதற்காக விலக்கினால், அது தரவைத் திரிப்பது. எல்லாரும் செய்கிறார்கள் என்பது அதை மாற்றாது.

நீங்கள் இதுவரை யோசிக்காத ஒரு பக்கமும் இருக்கிறது. மாறாத இரண்டைத்தான் துருவித் துருவிப் பார்த்தீர்கள். குறைந்து வந்த மூன்றை யாரும் துருவவில்லை, எதிர்பார்த்தபடி வந்ததால் விட்டுவிட்டீர்கள். மேலே சொன்ன கிணற்று வரிசை விஷயம் உண்மையானால், தவறு அந்த மூன்றில்தான் இருக்கிறது, மாறாத இரண்டும்தான் சரியானவை. சீனியருக்கு வந்ததும் இதே வரிசையால் வந்திருக்கலாம். அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

இதில் உள்ள ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்று பல இதழ்கள் வெட்டாத முழு ப்ளாட் படத்தைக் கேட்கின்றன. கட்டுரை வந்த பிறகும் படங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிப் பார்ப்பவர்களில் ஒருவரான எலிசபெத் பிக்கும் அவருடைய சகாக்களும் 20,621 கட்டுரைகளின் படங்களைப் பார்த்து, 3.8 சதவீதத்தில் ஒரே படம் தவறாகத் திரும்ப வந்திருப்பதை 2016-ல் வெளியிட்டார்கள். இப்படி மாட்டும்போது கட்டுரையில் முதல் பெயர் யாருடையதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் விஷயத்தில் அது நீங்கள்.

மாநாட்டுச் சுருக்கத்தை அனுப்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. "ஐந்து சோதனைகளில் மூன்றில் குறைவு காணப்பட்டது, பேட்ச் வேறுபாடு ஆராயப்பட்டு வருகிறது" என்று எழுதலாம். மாநாட்டில் அது தாராளமாகச் செல்லும். அல்லது அந்த மூலிகையின் வேதிப் பகுப்பாய்வை மட்டும் இந்த முறை அனுப்பலாம்.

கைடிடம் எப்படிப் பேசுவது

உங்கள் கைடு கெட்டவர் என்று கடிதத்தைப் படித்து எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் புராஜெக்ட் அறிக்கை, பதவி உயர்வு என்று நெருக்கடி இருக்கும். ஆனால் அவர் சொன்னதை நீங்கள் செய்யக் கூடாது, அதை அவரிடம் மோதாமல் சொல்ல வழியும் இருக்கிறது. "நீங்க சொல்றது தப்பு சார்" என்று போகாதீர்கள். "சார், இதுல மூணு வாரத்துல எங்க கோளாறுன்னு கண்டுபிடிச்சிடலாம், ஒரே லைசேட்டை வெச்சு ஓட்டப்போறேன், பேட்ச் ரெண்டையும் எச்பிஎல்சி பண்ணணும், நாளைக்கு ரிவ்யூவர் முழு ப்ளாட் கேட்டா நமக்குச் சிக்கல் வரக்கூடாது" என்று ஒரு பக்கத் திட்டத்தோடு போய் நில்லுங்கள். திட்டத்தோடு வருகிற ஸ்காலரிடம் கவனமில்லை என்று சொல்வது எந்தக் கைடுக்கும் கடினம். பேசி முடித்ததும் அன்றே ஒரு மரியாதையான மெயில் போடுங்கள்: இன்று பேசியபடி இதையெல்லாம் செய்கிறேன் என்று. சண்டைக்கான சாட்சியாக அதை நினைக்க வேண்டாம், இரண்டு பேருக்கும் நினைவுக்குத்தான். ஆனால் தேவைப்பட்டால் சாட்சியாகவும் நிற்கும்.

எல்லா ப்ளாட்டின் மூலப் படத்தையும், மோசமானவை உட்பட, தேதியோடு மாற்றாமல் வையுங்கள். எதையும் அழிக்காதீர்கள்.

அப்படியும் அவர் அந்த மூன்றைத்தான் போட வேண்டும் என்று நின்றால், அடுத்த படி உங்கள் டாக்டோரல் கமிட்டி. யுஜிசியின் 2022 விதிகளின்படி ஒவ்வொரு செமஸ்டரிலும் ஸ்காலர் ஆய்வு ஆலோசனைக் குழுவின் (அதுதான் இந்தக் கமிட்டி) முன்னால் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். அங்கே ஆறு ப்ளாட்டையும் வரிசையாகக் காட்டி, அடுத்து என்ன செய்யலாம் என்று ஆலோசனை கேளுங்கள். புகார் தொனி வேண்டாம். கமிட்டியில் இருக்கும் வெளியாள் ஒருவர் "பேட்சைப் பார்த்தீங்களா" என்று கேட்டுவிட்டால் உங்கள் வேலை பாதி முடிந்தது. கைடை மாற்றுவது சட்டப்படி முடியும், ஆனால் மூன்றாம் ஆண்டில் அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

விடுவதா, தொடர்வதா

நேரம் முடிந்துவிட்டது என்ற பயம் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. உண்மை நிலவரம் வேறு. அதே 2022 விதிகள் சேர்ந்த நாளிலிருந்து 6 ஆண்டு தருகின்றன. மறுபதிவு செய்தால் கூடுதலாக 2 ஆண்டு. பெண் ஆய்வாளர்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு. தீசிஸ் கொடுக்கக் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் யுஜிசி எடுத்துவிட்டது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தன் அளவில் அதை வைத்திருக்கலாம், அதனால் ஆராய்ச்சிப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் வேறு கணக்கு. ஜேஆர்எஃப், எஸ்ஆர்எஃப் என்ற இரண்டு ஆய்வு உதவித்தொகையும் சேர்த்து 5 ஆண்டுதான் வரும். நீங்கள் எந்த உதவித்தொகையில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அது நிற்கும் தேதியைக் காலண்டரில் குறித்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

எக்ஸ்ட்ராக்ட் ஏகேடியைக் குறைக்கவில்லை என்று முடிந்தால் பிஎச்.டி. போய்விடும் என்று நினைக்கிறீர்கள். போகாது. பேட்சுக்குப் பேட்ச் வேதிப்பொருள் எப்படி மாறுகிறது, எந்த அளவுக்கு மேல் விளைவு தெரிகிறது, சீனியரின் ரிசல்ட் எந்த நிலையில் மட்டும் வருகிறது என்று ஒழுங்காகக் காட்டினால் அது ஓர் அத்தியாயம். மூலிகை ஆராய்ச்சியில் பலரும் தொடாமல் தாண்டிப்போகும் அத்தியாயம் அது. கண்ட்ரோல்கள் சரியாக இருக்கிற "இல்லை" என்ற பதிலைத் தேர்வாளர் ஏற்றுக்கொள்வார்.

அதே நேரம், விடுவது தோல்வி என்றும் நான் நினைக்கவில்லை. மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டு லேபில் உங்கள் அனுபவத்துக்கு இடம் இருக்கிறது. அந்த முடிவை எடுக்கிறதானால் எடுங்கள், ஆனால் மூன்று வார லைசேட் சோதனைக்குப் பிறகு, தூங்கி எழுந்த ஒரு காலையில் எடுங்கள்.

தூக்கம் என்று நீங்கள் எழுதியதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரத்துக்கு மேலாக இப்படி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். ராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள். வீட்டில் அப்பாவிடம் "இன்னும் முடியலப்பா" என்பதோடு நிறுத்தாமல் ஒரு தேதியைச் சொல்லுங்கள். முதல் முறையாக ஒரு பிள்ளையை இவ்வளவு தூரம் படிக்கவைக்கும் அப்பாவுக்கு இந்தப் படிப்பு எத்தனை வருடம் என்றே தெரியாது. கேள்வியில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம் இருக்கும்.

நாளைக்கு லேபுக்குப் போனதும் முதல் வேலையாக, ஆறு ப்ளாட்டையும் மேஜையில் பரப்பி ஒவ்வொன்றின் பின்னாலும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: எந்த பேட்ச் எக்ஸ்ட்ராக்ட், ஆன்டிபாடி எத்தனையாவது முறை, கிணற்று வரிசை, எவ்வளவு நேரம் எக்ஸ்போஸ். நினைவில்லாத இடத்தில் "தெரியாது" என்றே எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். அந்தப் பட்டியலை எனக்கு அனுப்பிவையுங்கள், சேர்ந்து பார்ப்போம்.